குழலும் குரலும்: வாசகர் கேள்வி – பதில்

கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் புல்லாங்குழல் வாசித்து, பிறகு டப்பிங் கலைஞராகவும் நடிகராகவும் ஆன ஒருவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்த நீங்கள் டப்பிங்குக்கு எப்படிப் போனீர்கள்? யாராவது கைபிடித்து அழைத்துப் போனார்களா? – ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கும்பகோணம்

அம்மா, அப்போதெல்லாம் இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. ஒரு கூடத்தில் பாட்டுப் பதிவு நடக்கும், பக்கத்துக் கூடத்தில் டப்பிங் நடக்கும். எங்களுக்கு இடைவேளை விட்டால் வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் கிராமத்துப் பஞ்சாயத்துக் காட்சிக்கு ஆள் போதவில்லை என்று டப்பிங் பொறுப்பாளர் வெளியே வந்து எங்களில் சிலரைக் கூப்பிட்டார். அதற்கு க்ரவுட் வாய்ஸ் என்று பெயர். திரையில் ஊரே கூச்சல் போடும், மைக்குக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்போம். நாயகன் வாயைத் திறக்கிற நொடியில் கூச்சல் அடங்க வேண்டும், அவர் பேசி முடித்ததும் மறுபடி எழ வேண்டும். ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசைப் பதிவில், தினமும் செய்துகொண்டிருந்த வேலைதான் அது. திரையைப் பார்த்துக்கொண்டே எண்ணி நிறுத்துவதும் எண்ணி எடுப்பதும் எங்களுக்குப் பழக்கம். முதல் டேக்கிலேயே ஓகே ஆனது. அவர் என்னை மறுபடி கூப்பிட்டார்.

அதற்காகக் குழலை மூட்டை கட்டிவைத்துவிட்டுப் போய்விடவில்லை. பல வருடம் இரண்டும் சேர்ந்தே நடந்தது. காலையில் வாசிப்பு, சாயங்காலம் டப்பிங். முதலில் ‘யாருப்பா அது’, ‘ஐயா வர்றாரு’ போன்ற ஒற்றை வரிகள். அப்புறம் மொழிமாற்றுப் படங்களில் சின்னப் பாத்திரங்கள், பிறகு இந்தியிலிருந்து தமிழுக்கு வந்த தொடர்கள். 2007-ல் சுட்டி டிவி வந்தபோது கார்ட்டூன் வேலையும் 2009-ல் டிஸ்கவரி தமிழில் பேச ஆரம்பித்தபோது ஆவணப்படங்களுக்குப் பின்னணி சொல்லும் வேலையும் பெருகின. இந்தத் துறையில் பலருக்குச் சீரான வருமானம் வந்தது அந்தக் காலத்தில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் வாசிக்க வந்தபோது ஒரு பாட்டுக்கு வயலின் வரிசை மட்டுமே கூடத்தில் பாதியை அடைத்திருக்கும். 1983-ல் மிடி என்ற முறை வந்து கீபோர்டும் கணினியும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. வாத்திய ஒலியைப் பதிந்துவைத்துக் கீபோர்டிலேயே வாசிக்க உதவும் சாம்ப்ளர் வந்தது. 1992-ல் ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் படம் வந்த பிறகு, கலைஞர்களை ஒவ்வொருவராக அழைத்துத் தனித்தனியே பதிவு செய்யும் முறை தமிழ்நாடு முழுவதும் பரவியது. இசை அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை, புதிய ஒலிகள் எத்தனையோ வந்தன. ஆனால் கூடத்துக்கு வருகிற ஆட்களின் எண்ணிக்கை குறைந்தது. தபேலாக்காரரைப் பார்த்து வயலின்காரர் கற்றுக்கொள்வதும் பெரியவர் வாசிப்பதைச் சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும் நின்றுபோயின. எனக்கு அதுதான் பெரிய இழப்பு.

கேள்வி: இசை தெரிந்தால் குரல் நடிப்பு எளிது என்கிறார்கள். சரியாக எந்த இடத்தில் அது உதவுகிறது? – தனியார் வானொலி ஊழியர் ஒருவர், மதுரை

நல்ல கேள்வி. இதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

மைக்கிலிருந்து தொடங்குகிறேன். குழலில் ஊதும் காற்று நேராக மைக்கில் பட்டால் புஸ்ஸென்று கேட்கும். அதனால் வாயை மைக்குக்குக் கொஞ்சம் விலக்கி, பக்கவாட்டில் நிற்கப் பழகியிருப்போம். பேசும்போது ‘ப’ வருகிற இடத்தில் இதே சிக்கல் வரும். ஒலிப்பதிவாளர் ‘பாப் அடிக்குது’ என்பார். எந்த எழுத்துக்கு எவ்வளவு காற்று போகும், எந்த இடத்தில் முகத்தை இம்மி திருப்ப வேண்டும் என்பது குழல்காரனுக்கு உடம்பிலேயே இருக்கும். ரகசியம் பேச மைக்கை நெருங்குவதும் கத்த வேண்டிய இடத்தில் பின்வாங்குவதும் அப்படித்தான்.

அடுத்தது மூச்சு. நீளமான ஒரு வசனத்தில் எங்கே மூச்சு வாங்குவது? திரையில் இருக்கிற நடிகர் எங்கே வாங்கினாரோ அங்கே. அவர் தோள் ஏறுவதைப் பார்த்தால் தெரியும். சொற்களை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வாய் சரியாகப் பொருந்தியிருந்தும் குரல் வேறு யாருடையதோ என்று தோன்றுவது இதனால்தான்.

மூன்றாவது, எழுத்துக் கணக்கு. ப, ம இரண்டுக்கும் உதடு மூடியே ஆக வேண்டும். திரையில் உதடு மூடுகிற இடத்தில் இவற்றில் ஒன்று விழாவிட்டால் பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும். ஆங்கிலத்தில் இரண்டு அசையில் முடிகிற விஷயம் தமிழில் ஆறு அசை ஆகும். வசனம் எழுதுகிறவர் முடிந்தவரை சுருக்கித் தருவார். மீதியை நாம்தான் இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், வாசிப்பதுபோல் அடக்க வேண்டும். வேகம் கூட வேண்டும், ஆனால் பதற்றம் தெரியக் கூடாது. லய ஞானம் இருப்பவருக்கு இது கைவரும். சில கூடங்களில் மூன்று பீப் ஒலி கொடுப்பார்கள். நான்காவது பீப் வர வேண்டிய இடத்தில், அந்த மௌனத்தில், வசனத்தை எடுக்க வேண்டும். எங்களுக்கு அது பாட்டு தொடங்குமுன் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கவுண்ட் கொடுப்பது போலத்தான்.

சுருதி சுத்தம் உதவும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல சமயம் அதுதான் இடைஞ்சல். பாட்டு தெரிந்தவர்களின் வசனத்தில் ஒரு ராகம் வந்துவிடும். ஒவ்வொரு வாக்கியமும் கீழே இறங்கி ஒரே சட்ஜத்தில், அதாவது ‘ச’ என்ற ஆதார சுரத்தில், வந்து உட்காரும். நான்கு வாக்கியம் கேட்டால் ஐந்தாவது எப்படி முடியும் என்று சொல்லிவிடலாம். மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை, பாதியில் விடுவார்கள், மேலேயே தொங்கவிட்டு நிறுத்துவார்கள். இதை உடைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பேசுகிறவர்களைக் கேட்பது. பேருந்து நிறுத்தத்தில், மருத்துவமனை வரிசையில், தொலைபேசியில். என்ன சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எங்கே நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள்.

மொத்தத்தில் இசைக்கூடம் கொடுத்த பெரிய சொத்து இந்தக் காதுதான். முப்பத்திரண்டு பார், அதாவது முப்பத்திரண்டு தாளக் கட்டம், சும்மா இருந்து, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு, சரியாக உள்ளே நுழையத் தெரிந்தவரால் இன்னொருவர் முகத்துக்குள்ளும் நுழைய முடியும்.

கேள்வி: கேமராவா, மைக்கா, எது கடினம்? – கல்லூரி மாணவர் ஒருவர், திருநெல்வேலி

தம்பி, எனக்குக் கேமராதான். மைக்கிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம், கையைக் காலை ஆட்டிக்கொள்ளலாம், குரல் வந்தால் போதும். கேமரா நம்மை விடுவதில்லை. இசைக் கலைஞர்களுக்கு முகத்தை அசையாமல் வைத்துக்கொள்கிற பழக்கம் உண்டு, கவனம் முழுவதும் உள்ளே இருக்கும். நெருக்கக் காட்சியில் அந்தக் கவனம் அழகாகத் தெரியும். ஆனால் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக வேண்டும். எங்கள் கண் நோட்ஸிலும் கண்டக்டரின் கையிலும் வளர்ந்த கண்.

திரையில் நான் முதலில் தெரிந்தது ஒரு கச்சேரிக் காட்சியில், குழலோடு. உண்மையில் வாசிக்கத் தெரிந்தவர்களை உட்காரவைத்தால் விரல் பாட்டோடு பொருந்தும் என்பதற்காக அழைத்தார்கள். வசனம் உள்ள வேடங்கள் வெகுநாள் கழித்து வந்தன. அப்பா, தலைமையாசிரியர், வங்கி மேலாளர். டப்பிங் கூடத்தில் என் முகத்தைப் பார்த்த ஓர் உதவி இயக்குநர், படம் பண்ணும்போது ஞாபகம் வைத்திருந்து கூப்பிட்டார்.

கன்டின்யூட்டி எனக்குச் சிரமமே இல்லை. எந்தச் சொல்லில் கண்ணாடியைக் கழற்றினோமோ, அடுத்த ஷாட்டிலும் அதே சொல்லில் கழற்ற வேண்டும். டேக்குக்கு டேக் ஒரே இடத்தில் ஒரே சங்கதியை வைத்தவனுக்கு இது பெரிய விஷயமா? ரியாக்‌ஷன் ஷாட்டும் அப்படியே. மற்றவர் பேசும்போது உண்மையாகக் கேட்டாலே போதும், முகம் தானாக வேலை செய்யும். அடுத்த வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும் நடிகரைக் கேமரா உடனே கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: வாத்தியக் கலைஞராக இருந்து நடிகராகவும் குரல் நடிகராகவும் ஆனவர்கள் வேறு யாராவது உண்டா? – ஒரு வாசகி, புதுச்சேரி

நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறவர் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் கிளென் கேம்பல். 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் பெயர் தெரியாமல் வாசித்தவர்களின் குழுவை ‘ரெக்கிங் க்ரூ’ என்று பிற்பாடு அழைத்தார்கள். அதில் அவர் ஒருவர். ஃபிராங்க் சினாட்ராவுக்கும் பீச் பாய்ஸ் குழுவுக்கும் வாசித்தவர். அவருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது தாளில் எழுதிய மேற்கத்திய இசைக் குறிப்பு, படிக்கத் தெரியாது. சுற்றிலும் தாளைப் பார்த்து வாசிக்கிறவர்கள் இருக்க, காதை மட்டும் நம்பி அந்தக் கூடத்தில் நிலைத்தார். பிறகு பாடகராகப் புகழ்பெற்று, 1969-ல் ஜான் வேய்னோடு ‘ட்ரூ கிரிட்’ படத்தில் முக்கிய வேடத்தில் நடித்தார். 1991-ல் ‘ராக்-அ-டூடில்’ என்ற அனிமேஷன் படத்தில் ஒரு சேவலுக்குக் குரல் கொடுத்தார். நீங்கள் கேட்ட மூன்று படிகளும் ஒரே மனிதரிடம் இருக்கின்றன.

இன்னொருவர் தர்ல் ரேவன்ஸ்கிராஃப்ட். அவர் வாத்தியக்காரர் அல்ல, கூடத்தில் கோரஸ் பாடியவர். பாதாளம் வரை இறங்கும் குரல். காலை உணவு விளம்பரம் ஒன்றில் வரும் புலிக்கு ஐம்பது வருடத்துக்கும் மேல் அவர்தான் குரல். 1966-ல் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் அவர் பாடிய பாட்டு அமெரிக்கக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுவிட்டது. கதை சொன்ன நடிகர் போரிஸ் கார்லாஃப்தான் பாடினார் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நம் ஊரில் இது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது!

நம் பக்கம் எஸ்.பி.பி. இருக்கிறார். பாடகர்தான், ஆனால் தெலுங்கில் கமல்ஹாசனுக்குப் பல படங்களில் குரல் அவருடையது. ‘தசாவதாரம்’ தெலுங்குப் பதிப்பில் பத்து வேடங்களில் ஏழுக்கு அவரே பேசினார். 1990-ல் ‘கேளடி கண்மணி’யில் நாயகனாக நடித்தார். பாட்டின் நடுவே ஒரு சிரிப்பை, ஒரு விம்மலைத் தாளம் தவறாமல் வைப்பார் அல்லவா? அதே நுட்பத்தை வசனத்தில் வைத்தார். டப்பிங் பழகுகிறவர்கள் அவருடைய பாட்டை வசனம்போலவும் வசனத்தைப் பாட்டுபோலவும் கேட்டுப் பார்க்க வேண்டும். ரஜினிகாந்துக்குத் தெலுங்கில் பேசிவரும் மனோவும் பாட்டிலிருந்து வந்தவர்தான். மலேசியா வாசுதேவன் வில்லனாக மிரட்டியதும் எம்.எஸ்.வி. 1998-ல் ‘காதல் மன்னன்’, ‘காதலா காதலா’ படங்களில் நடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

கேள்வி: நான் கீபோர்டு வாசிக்கிறேன். செஷன் (ஒலிப்பதிவில் வாசிக்கும்) வாய்ப்பு குறைந்துவிட்டது. இசையை விட்டுவிட்டு டப்பிங்குக்கு வரலாமா? – இளைஞர் ஒருவர், கோவை

விட்டுவிட்டு வராதீர்கள். சேர்த்துக்கொண்டு வாருங்கள். டப்பிங்கிலும் வேலை சீராக வராது, ஒரு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது, அடுத்த மாதம் போன் அடிக்காது. இரண்டு கை இருந்தால் ஒன்று ஓயும்போது மற்றது தாங்கும்.

உங்களிடம் இப்போதே இருக்கிற பலம் வீட்டில் பதிவு செய்யத் தெரிந்திருப்பது. பாட்டுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பதிவு செய்து பழகியிருக்கலாம். திரைக்கும் டிவிக்கும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இதை மாற்றி அனுப்பி முதல் வேலையிலேயே சங்கடப்பட்டவர்கள் உண்டு. அறையில் எதிரொலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த மைக்கைவிடப் போர்வை தொங்கவிட்ட அறை அதிகம் உதவும்.

தமிழை வாய்விட்டுப் படியுங்கள். தினமும் ஒரு நாளிதழ்ப் பக்கம், ஒரு சிறுகதைப் பக்கம். ழ, ல, ள மட்டும் போதாது. ண, ந, ன மூன்றும் ர, ற இரண்டும் வாயில் வர வேண்டும். அதே சமயம் பாத்திரம் கேட்டால் இவற்றை விட்டுக்கொடுக்கவும் தெரிய வேண்டும். மதுரைக் கடைக்காரர் பேச்சையும் நாஞ்சில் நாட்டுப் பாட்டி பேச்சையும் காது தனித்தனியே பிரித்துக் கேட்க வேண்டும். உங்கள் கோவைத் தமிழை மறைக்காதீர்கள், அதுவும் ஒரு வேடத்துக்குத் தேவைப்படும்.

குரல் மாதிரி அனுப்பும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பத்து விதமாக மிமிக்ரி செய்து காட்டாதீர்கள். உங்கள் சொந்தக் குரலில் ஒரு அமைதியான பேச்சு, ஒரு கோபம், ஒரு கதை சொல்லல், இவ்வளவு போதும். கேட்கிறவர் முதல் பத்து நொடியில் முடிவு செய்துவிடுவார்.

அப்புறம் ஒன்று. ‘சான்ஸ் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு’ என்று கேட்பவரிடம் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சங்கத்தில் சேரக் கட்டணம் உண்டு, அதற்கு ரசீது உண்டு. அந்த இரண்டும் வேறு வேறு. படங்களுக்குத் தொடர்ந்து பேச சங்க உறுப்பினர் அட்டை தேவைப்படும், அதன் விதிகளைச் சங்க அலுவலகத்திலேயே நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் வாசித்த பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. ராயல்டி வருகிறதா? பெயராவது போடுகிறார்களா? – ஒரு வாசகர், சேலம்

கால்ஷீட்டுக்கு உண்டான சம்பளம் அன்றே வந்தது, அதோடு முடிந்தது. என் காலத்துக் கலைஞர்கள் பெரும்பாலானோருக்கு இதுதான் நிலை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. பாடகர், வாத்தியக் கலைஞர், நடிகர் எல்லோரும் ‘நிகழ்த்துகலைஞர்’ என்ற பிரிவில் வருகிறார்கள். அவர்களுடைய கலை வணிகரீதியாகப் பயன்படும்போது ராயல்டிக்கு உரிமை உண்டு என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. ஐம்பது ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். பாடகர்கள் இதை வைத்துச் சங்கம் அமைத்து முன்னே போய்விட்டார்கள்.

ஆனால் அதே திருத்தத்தில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. ஒருவருடைய பங்களிப்பு போகிற போக்கில் செய்ததாக இருந்து, துறையின் வழக்கப்படி படத்தின் பெயர்ப் பட்டியலில்கூட அவரைக் குறிப்பிடுவதில்லை என்றால், அவரை நிகழ்த்துகலைஞராகவே கருத வேண்டியதில்லை. தன் கலையைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். இப்போது புரிகிறதா, பெயர் ஏன் முக்கியம் என்று? பெயர் போடாத வழக்கமே ஒரு வாசிப்பாளரை, ஒரு டப்பிங் கலைஞரைச் சட்டத்தின் கண்ணிலிருந்து விலக்கிவிடக் கூடும்.

அதனால் இளையவர்களிடம் சொல்கிறேன்: சம்பளம் பேசும்போதே பெயரும் பேசுங்கள். தயங்காதீர்கள். இசைத்தட்டு உறைகளில் இடமில்லை என்ற காலம் போய்விட்டது. யூடியூபில் ஒரு பாட்டின் கீழே ஒவ்வொரு வாத்தியக்காரர் பெயரையும் போடும் இசையமைப்பாளர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களை நான் மனதார வாழ்த்துகிறேன். டப்பிங்குக்குத் தமிழ்நாடு அரசு விருது உண்டு. அந்தக் குரல்களின் பெயர் படத்தின் முடிவில் படிக்கும் அளவு எழுத்தில் வர வேண்டும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையை எடுத்துவிடுமா? – மென்பொருள் ஊழியர் ஒருவர், சென்னை

ஒரு பகுதியை எடுக்கும். நிறுவன அறிவிப்பு, பயிற்சி வீடியோ போன்றவற்றில் ஏற்கெனவே எடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் எனக்குக் கவலை அதைவிட, என் குரலையே எடுத்து எனக்குத் தெரியாமல் பேசவைப்பதில்தான்.

2024 தொடக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் ஒரு பாட்டுக்காக இந்த முறையில் கொண்டுவந்தார். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அனுமதி, ஊதியம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அனுமதியில்லாமல் அவர் குரலை நகலெடுப்பதற்கு எதிராக பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தது. புகழ்பெற்றவர் நீதிமன்றம் போனால் அந்தக் குரல் யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. முகம் தெரியாத டப்பிங் கலைஞர் என்ன செய்வார்?

அவருக்குக் காகிதம்தான் துணை. இப்போது நான் எந்த வேலைக்குப் போனாலும் மூன்று வரி எழுதி வாங்குகிறேன்: இந்தப் பதிவு இந்தப் படைப்புக்கு மட்டும், இந்த மொழிக்கு மட்டும், கணினிக்குக் குரல் கற்றுக்கொடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. சில இடங்களில் உடனே கையெழுத்துப் போட்டார்கள். ஒரு இடத்தில் முடியாது என்றார்கள், அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக வருகிறவர்களால் அப்படி மறுப்பது சிரமம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மூன்று வரியைச் சங்கங்களே பொதுவான ஒப்பந்தப் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்று கூட்டங்களில் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.